பாலத்தைத் தாண்டாத காப்பு

"...இத நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே தங்கச்சி. கரகத்துல தண்ணி நெறச்சாச்சு. வேப்பிலை சுத்தியாச்சு. தப்பு அடிக்கிறவங்க நெருப்புல தப்பக் காய்ச்சிட்டு நிக்கிறாங்க. இப்ப வந்து சொல்ற. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு?"

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி செல்லையா அண்ணன், மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் வைத்து என்னிடம் கேட்டது இது. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் அவரிடம் சொன்னது ஒரே ஒரு சொல்தான். "அண்ணே, எனக்கு வீட்டுக்குத் தூரம். இன்னையோட மூணு நாள்." பெண்களுக்கு மாதாமாதம் வருகிற தூரம்தான். அந்த நேரத்தில் என் வலது கையில் அம்மனுக்குக் கட்டிய காப்பு இருந்தது. எனக்கு முன்னால் கரகம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை நான் என் தலையில் ஏற்ற வேண்டும்.

அதற்கு அண்ணன் என்ன செய்தார் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொன்னால், அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டதாகிவிடும். பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டாமல் இலையைக் காட்டிய கதையாகிவிடும். அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

என் பெயர் லெட்சுமி. நிவித்திகலைக்கு மேலே எங்கள் தோட்டம். மேல் பக்கம் தேயிலை, கீழ்ப் பக்கம் ரப்பர். நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மற்றதெல்லாம் நாலு பேர் பேச்சைக் கேட்டுப் படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

என் வீட்டுக்காரர் முருகையா. எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் கரகம் தூக்குவது அவர் குடும்பம். அவருடைய தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், பிறகு இவர். திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் கிழங்கு முடிந்த மஞ்சள் கயிற்றைக் கரகம் எடுக்கிறவர் கையில் பூசாரி கட்டுவார். அதுதான் காப்பு. கட்டினால் கரகம் எடுத்து முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. வெளியே கை நனைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்துக்கு எல்லை கீழே ஓடைக்கு மேல் போட்ட சின்னப் பாலம். காப்புக் கட்டிய கை பாலத்தைத் தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது, அம்மை இறங்கும், மண் சரியும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களைப் போல மழைக்குப் பயந்து லயத்து வரிசை வீடுகளில் படுத்துக் கிடக்கிற சனத்துக்கு மண் சரியும் என்றால் அது வெறும் பேச்சு இல்லை.

இப்போது கஷ்டத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் என் வீட்டுக்காரர் பக்கத்து ஊரில் மாணிக்கக் குழியில் இறங்குவார். கூட வேலை செய்கிற சுனில் என்கிற சிங்களத் தம்பிதான் அவருக்கு அங்கே கூட்டு. குழித் தண்ணீரில் இடுப்பளவு நின்று மண் அள்ளுகிற வேலை. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும் என்று சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ. மாத்தயா வந்து எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுனில் போட்டுக்கொண்டான். இவர் போடவில்லை. விரதம் தொடங்கிவிட்டதாம். அந்த மாத்திரைக் கூடு மாட்டெலும்பில் செய்தது என்று குழியில் யாரோ சொன்னார்களாம். "அம்மனுக்குக் கரகம் எடுக்கிறவன் மாட்டெலும்ப முழுங்குறதா?" என்று அட்டையோடு சாமித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். திங்கட்கிழமை காய்ச்சல். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, "தூக்கமில்ல புள்ள, அவ்வளவுதான்" என்றார். புதன்கிழமை காலையில் அவர் படுத்திருந்த அறைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கண் இரண்டும் சிவந்திருந்தது. சிவப்புக்கு உள்ளே மஞ்சள். கஞ்சியைக் கீழே வைத்தேன்.

மூன்று நாளாகக் குழியில் இவரைக் காணாமல் அன்றைக்குச் சுனில் தேடி வந்தான். கண்ணை விரித்துப் பார்த்தான். "அக்கே, இது மீ உண" என்றான். எலிக்காய்ச்சலைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். "எங்க ஊர்ல ஒரு ஆள் இப்பிடித்தான் மூணு நாள் வீட்டுல வச்சிருந்தாங்க. நாலாம் நாள் பெட்டிதான். முருகய்யா அய்யே, மூத்திரம் போறதா?"

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்து மத்தியானம் போனது."

"அப்ப இப்பவே ஆஸ்பத்திரி. திரீவீல் கொண்டுவாறேன்."

"காப்போட பாலத்தத் தாண்ட மாட்டேன்."

"அய்யே, செத்தா காப்பு எங்க கட்டுறது?"

"செத்தா இங்க சாவேன். நான் தாண்டி, நாளைக்கு மேல் லயத்து மேல மண்ணு விழுந்தா அந்தப் பாவத்த யாரு செமக்கிறது?"

இதைக் கேட்கிற உங்களில் சிலருக்கு முட்டாள்தனமாகத் தோன்றலாம். எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தனக்காகப் பயப்படவில்லை. எங்கள் எல்லாருக்காகவும் பயந்தார். அப்படிப்பட்ட மனுசனை எப்படித் திட்டுவது? அழத்தான் முடிந்தது.

காப்பை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. அதே குடும்பத்தில் இன்னொருவர் கைக்கு மாற்ற வேண்டும். ஆனால் அவருக்கு அண்ணன் தம்பி இல்லை. எங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் பவானி ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கிறாள், சின்னவள் ஏழாம் வகுப்பு. குடும்பத்தில் ஆண் என்றால் அந்த அறையில் படுத்துக் கிடந்த ஒருவர்தான்.

ஓடினேன். செல்லையா அண்ணன் கோயில் மடப்பள்ளியில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பூசாரி என்றால் நீங்கள் பெரிதாக நினைக்க வேண்டாம். அவரும் எங்களைப் போலத் தோட்டத்து ஆள்தான், ரப்பர் பால் ஸ்டோரில் வேலை. நல்ல மனுசன். ஆனால் முறை என்றால் முறை.

"அண்ணே, காப்ப எனக்கு மாத்துங்க. நான் எடுக்கிறேன் கரகம்."

கோடாலியைக் கீழே வைத்தார். "பொம்பளைக்குக் காப்புக் கட்டுன பழக்கம் நம்ம கோயில்ல இல்ல தங்கச்சி."

"அவரு சாகக் கெடக்குறாரு அண்ணே."

"தெரியுது. எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா? ஆனா நாள் கணக்கு ஒன்னு இருக்கே. நடுவுல நீ தூரமாகிப் போனா? காப்பும் போச்சு, கரகமும் போச்சு. அதோட நீ அவரு பங்காளியா? ரத்த ஒறவா? வேற வீட்டுல இருந்து வந்தவ."

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் அப்படி வாய் கொடுக்கிற பெண் இல்லை. "அண்ணே, இதே மாதிரி ஒரு மஞ்சக் கயித்த அவரு எங் கழுத்துல கட்டினப்ப நீங்கதான் பக்கத்துல நின்னு தேங்கா ஒடச்சீங்க. அன்னைக்கு நான் அவரு குடும்பம்னு சொன்னீங்க. கழுத்துல கட்டுனா செல்லும், கையில கட்டுனா செல்லாதா?"

அவர் பிளந்த விறகை அள்ளி அடுக்கினார். பிறகு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு என்னையத்தான் சொல்லுவாங்க. சொல்லட்டும். எங் கையால கட்டமாட்டேன்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. அதை மட்டும் நான் கவனித்தேன்.

திறந்திருந்த வாசலில் நின்று அம்மன் முகத்தைப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன். எல்லாம் ஆம்பிளைகளுக்குப் பின்னால், கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்துக் கும்பிட்டதுதான். நேருக்கு நேர் நின்றது அன்றைக்குத்தான். நான் நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. "அம்மா, இந்தக் கயித்த நான் வாங்கிக்கிறேன். அவர மட்டும் விடு" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

வீட்டுக்கு வந்தேன். சுனில் திரீவீல் ஆட்டோவோடு நின்றான். நான் குளித்து, ஈரச் சேலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"என்னங்க, பூசாரி கட்டமாட்டாராம். நீங்க கட்டுங்க. ஒருக்கா கட்டினீங்கதானே."

அவர் என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மஞ்சள் கண்ணில் தண்ணீர் வந்தது. பல்லால் தன் காப்பை அவிழ்த்தார். என் வலது கையில் சுற்றினார். முதல் முடிச்சு நழுவிவிட்டது. பவானி பிடித்துக்கொண்டாள். மூன்று முடிச்சு போட்டார். "தாயே, வீட்டுக்காரி கையில குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். நானும் ஏறப் போனேன். பவானி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க வரக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பு இப்போது என் கையில். பாலத்தைத் தாண்டக் கூடாதது நான். புருசன் பிழைக்கட்டும் என்று கயிற்றை வாங்கினேன். அந்தக் கயிறே என்னை அவரிடமிருந்து பிரித்துவிட்டது. திரீவீலோடு பாலம்வரைக்கும் ஓடினேன். அது அந்தப் பக்கம் போய் வளைவில் மறையும்வரை பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்த நாட்களில் நான் பட்ட பாட்டில் பெரிய பாடு அதுதான். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டில் பெண்கள் தங்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வாசலிலாவது நின்றிருப்பேனே.

சுனில் கூடவே இருந்தான். பௌத்தப் பிள்ளை. எனக்கும் அவனுக்கும் என்ன உறவு? குழியில் ஒரே கயிற்றைப் பிடித்து ஏறி இறங்கிய உறவு. இரண்டு வேளை போன் பண்ணுவான். "டொக்டர் ஊசி போடுறாங்க அக்கே." "காய்ச்சல் கொஞ்சம் கொறஞ்சது." ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் அதே சொல். "மூத்திரம் இன்னும் போறதில்ல." சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் டொக்டர் சொன்னாராம், நாளைக்கும் இப்படியே இருந்தால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷினில் போடுவோம், அதற்கு உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது, வீட்டு ஆட்களை வரச் சொல்லுங்கள் என்று. வீட்டுக்காரி நான். நான் எங்கே போவது?

இதற்கு நடுவில் சனத்தின் வாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எங்கள் லயத்துப் பாக்கியம் அக்கா பீலியில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்கள். "என்னா லெச்சுமி, காப்புக் கட்டிட்ட. அடுத்த மாசம் மீசையும் வச்சுக்குவியா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது அழுதேன். செல்லையா அண்ணன் என்னை விரட்டவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. கோயில் வெளி மண்டபத்தில் நானும் பவானியும் பாய் போட்டோம். காலையில் விளக்குக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் இருக்கும். வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. பீலிக்குக் குளிக்கப் போனேன். அங்கேதான் தெரிந்தது, தூரமாகிவிட்டேன் என்று.

இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். எனக்கு நாள் இன்னும் பத்துக்கு மேல் இருந்தது. அலைச்சலிலும் அழுகையிலும் முன்னாலேயே வந்துவிட்டது. என் நெஞ்சில் முதலில் வந்த நினைப்பு இதுதான்: அவரைக் கொன்றுவிட்டேன். பூசாரி சொன்னார். ஊர் சொன்னது. நான் கேட்கவில்லை.

ரப்பர் மரங்களுக்குள்ளே நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். நின்று பார்த்தால் கீழ்ப் பாலம். அந்தப் பக்கம் ரோட்டில் முதல் பஸ் வருகிற சத்தம். கெட்டுப்போன காப்புதானே, இனித் தாண்டினால் என்ன? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பஸ்ஸில் ஏறினால் அவர் முகத்தையாவது ஒருதடவை பார்ப்பேன். காலைத் தூக்கிவிட்டேன்.

தூக்கின காலை வைக்க முடியவில்லை. பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட்டேன். சத்தமாகவே போட்டேன். "நீயும் பொம்பளைதானே! எனக்கு வந்தது ஒனக்குத் தெரியாததா? எனக்கு ஓடுறதும் ஒன் வேலை, அவருக்கு ஓடாம நிக்கிறதும் ஒன் வேலை. நான் என்ன பூசாரி வீட்டுலயா பொறந்தேன், சாஸ்திரம் தெரிய? எனக்கு ஒரு வழி சொல்லு. போகவா? நிக்கவா? வாயத் தெறந்து சொல்லுடி தாயே!"

அம்மனை 'டி' போட்டுக் கூப்பிட்டேன். என்னை மன்னிக்கட்டும்.

மடியில் இருந்த போன் அடித்தது. சுனில். எடுக்கப் பயந்தேன். கடைசி மணியில் எடுத்தேன்.

"அக்கே! அக்கே! போனது! மூத்திரம் போனது!"

"என்னா தம்பி சொல்ற?"

"ஒரு போத்தல் பூரா அக்கே! இப்பதான், நான்தான் புடிச்சேன்! ஹொந்தட்டம, நல்லாவே போனது! நர்ஸ் நோனா சிரிக்கிறாங்க. டொக்டர் சொல்றாங்க, மிஷின் வேணாம், இனிப் பயமில்ல." பிறகு அவனும் அழுகிறான். "அக்கே, நான் ரெண்டு நாளா நம்ம பன்சலை புத்தருக்கும் நேர்ந்துதான் இருந்தேன். யாரு குடுத்தாங்களோ தெரியாது."

எனக்குத் தெரியும். என் உடம்பில் ரத்தம் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்திலேதான் அவள் அவருக்கு உயிரைக் கொடுத்தாள். நான் குளித்து முழுகிச் சுத்தமாகும்வரை காத்திருக்கவில்லை. மூன்று நாள் போகட்டும் என்று சொல்லவில்லை. குளிக்காமல், தூரத்தோடு, வாயில் வந்தபடி கத்தின ஒருத்தியின் சத்தம் அவளுக்குக் கேட்டது. அம்மன் அருவருக்கவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

பாலத்தைத் தாண்டவில்லை. திரும்பி மேலே ஏறினேன்.

ஆனால் நான் சொல்லவில்லை. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் மறைத்தேன். பவானிக்கு மட்டும் தெரியும். அவர் பிழைத்துவிட்டார், இன்னும் இரண்டு நாள்தானே, வாயைத் திறந்து ஏன் வம்பு என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாக்கியம் அக்கா கோயிலுக்கு வந்தார்கள். மீசை கதை சொன்ன அதே பாக்கியம் அக்கா. கூட அவர்களுடைய மகள். இரண்டு தடவை கரு கலைந்த பிள்ளை. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம். முருகையா பிழைத்த செய்தி தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அக்கா என் காலில் விழப் போனார்கள். "காப்புக் கையி. இந்தப் புள்ள வயித்துல திருநீறு பூசிவிடு லெச்சுமி. நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

பூசினேன். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவர்கள் நான் சுத்தமாக இருக்கிறேன் என்று நம்பிக் கும்பிடுகிறார்கள். அம்மாவோ நான் இருந்தபடியே என்னை ஏற்றுக்கொண்டாள். ஊர் நினைக்கிறது ஒன்று, நடந்தது வேறொன்று. நான் மறைத்தால், என் தூரத்தை மறைத்ததாக மட்டும் ஆகாது. அம்மன் செய்ததையே மறைத்ததாகும். எனக்கு அன்றைக்குத் தோன்றியது, தீட்டு என்று ஒன்று இருந்தால் அந்த மறைப்புத்தான் தீட்டு என்று.

அதனால்தான் திங்கட்கிழமை, பீலிக்கரையில், கரகம் நிறைத்த பிறகாவது சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வர அவ்வளவு நேரம் எடுத்தது.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்துவிட்டு வீடு வந்தார். மெலிந்து, வேட்டி நிற்காமல், ஆனால் நடந்து வந்தார். பாலத்தை அவர் தாண்டி வந்தபோது நான் இந்தப் பக்கம் நின்றேன். இப்போது குழிக்கு இறங்குவதில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையும் வேண்டாம் என்றிருக்கிறார் டொக்டர். புல் வெட்டுகிறார். பீ.எச்.ஐ. மாத்தயா மாத்திரை கொடுக்க வந்தால் முதல் ஆளாக வரிசையில் நின்று, "மாட்டெலும்பா இருந்தாலும் அம்மா ஒன்னும் சொல்லமாட்டா, முழுங்குங்கடா" என்று மற்றவர்களுக்கு அதிகாரம் பண்ணுகிறார். சிரிக்க வேண்டாம். அவர் கதையைக் கேட்டு மூன்று பேர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். சாமியை நம்புகிறவன் மருந்தை வெறுக்க வேண்டியதில்லை. இதை நான் கும்பிட்டுச் சொல்கிறேன்.

ஆனால் மாறியது அவர் மட்டும் இல்லை. எனக்குள்ளே ஒரு குற்றம் இருந்தது, அதையும் சொல்லாமல் விட்டால் சாட்சி அரைகுறை. பூசாரி என்னைத் தடுத்தார் என்று எழுதினேன். அவர் தடுத்தது ஒரு நாள். நான் என் பிள்ளையைத் தடுத்தது எத்தனை வருசம்? பவானி பெரியவளான நாளிலிருந்து மாதம் மூன்று நாள் அவளுக்குத் தனிப் பாய், தனி டம்ளர். கதவோரத்தில் உட்கார வைப்பேன். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். நான் வாசலில் மறித்துப் பேனையைப் பிடுங்கிக்கொண்டேன். "சரஸ்வதி கோவிச்சுக்குவா" என்றேன். பிள்ளை புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டாள். அந்தப் பேனையை அவள் பிறகு தொடவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் வீடு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை பவானியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நான் செஞ்சது பிழை, மகள்" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "தெரியும்மா. பாலத்துல நீங்க கத்தினப்ப நான் பின்னாலதான் நின்னேன்" என்றாள். எங்கள் வீட்டில் இப்போது தனி டம்ளர் இல்லை. சாமி விளக்கை யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் ஏற்றுகிறார்கள். எந்த நாள் என்று யாரும் கேட்பதில்லை. சின்னவளுக்கு இந்தப் பயமே தெரியாமல் வளர்க்கிறேன்.

பாக்கியம் அக்கா மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நான் பூசின திருநீறு என்று நான் சொல்லமாட்டேன். அக்கா சொல்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் இரண்டு பேச்சு உண்டு. சரி என்கிறவர்களும் இருக்கிறார்கள், முகம் கொடுத்துப் பேசாதவர்களும் இருக்கிறார்கள். நான் யாரோடும் வாதாடுவதில்லை. முறையை மாற்று என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அக்கா தங்கச்சிமாரே, உங்களில் யாராவது வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, இப்போது என் நேரம் சரியில்லை, என் உடம்பு சரியில்லை, இன்னும் மூன்று நாள் போகட்டும் அப்புறம் கேட்போம் என்று உங்கள் கஷ்டத்தை நெஞ்சுக்குள்ளே அடக்கிக்கொண்டிருந்தால், அடக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கூப்பிடுங்கள். இருந்தபடியே கூப்பிடுங்கள். பெற்றவளுக்குப் பிள்ளையின் அழுக்குத் தெரியாதா? என்னைக் கேட்டவள் உங்களையும் கேட்பாள். அண்ணன் தம்பிமாரே, உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கும்போது வாசலை மறிக்காதீர்கள். உங்கள் உயிருக்காகத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இனி, செல்லையா அண்ணன்.

"நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு?" என்று கேட்டார் இல்லையா, நான் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாலத்தில் நின்றதை, கத்தினதை, எனக்கு வந்த அதே காலையில் அவருக்குப் போனதை, எதையும் விடாமல் சொன்னேன். "அவ அன்னைக்கே என்னையத் தள்ளல அண்ணே. இப்ப நீங்க தள்ளுறதுன்னா தள்ளுங்க. காப்ப அவுத்துத் தாறேன். நான் கோவிக்கமாட்டேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் காப்பைத் தொடவில்லை. கரகத்தைப் பார்த்தார். தப்பு அடிக்கிறவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சனிக்கெழம காலையிலயா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "அதே நேரமா?" "அதே நேரம் அண்ணே."

பூசைக்கென்று குளித்துவிட்டுப் போட்டிருந்த மஞ்சள் துண்டு அவர் தோளில் கிடந்தது. பூசை முடியும்வரை பெண்டாட்டி கைகூட அதில் படவிடமாட்டார். அதை எடுத்தார். பீலியில் நனைத்துப் பிழிந்தார். இரண்டாக மடித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றிச் சும்மாடு ஆக்கினார். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்று, அதை என் தலையில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு கையாலும் அமர்த்திப் பார்த்தார்.